ஜீரோவில் நிற்கும் மாப்பிள்ளை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நஞ்சன்கூடு ரோட்டிலிருக்கும் ரைஃபிள் கிளப்பின் சுடுதளத்தில் இருந்தவர்கள்:

ரத்தினவேல். நஞ்சன்கூடு ஃபாக்டரி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் 'ரிஜெக்ட்' முத்திரை குத்திய சாமான்களை ஒரே இடத்தில் கொட்டியிருந்தால் சாமுண்டி மலைக்கு ஒரு தம்பி கிடைத்திருப்பான். இப்போது கிளப்பில் ஸ்டோர் பொறுப்பு.

தீபா. அவருடைய ஒரே மகள். ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் பிளான் வரைகிறவள். வீட்டில் அப்பா இதுவரை குறை சொல்லாத சாமான்கள் இரண்டு. ஒன்று அவள், இன்னொன்று பழைய பிரஷர் குக்கர்.

மதன். தேவராஜ மொஹல்லாவில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருப்பவன். தீபாவைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு, அதை அவளுடைய அப்பாவிடமே நேரில் சொன்னவன். தைரியம் என்றும் சொல்லலாம், புத்தி போதாது என்றும் சொல்லலாம்.

ரவிக்குமார். கிளப் செயலாளர். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தவர்.

மாரக்காள். கௌதள்ளி கிராமத்துக்காரி. தசரா பொருட்காட்சியில் பலூன் சுடும் கடையில் பல வருஷம் நின்றவள். எதிரே துப்பாக்கியை நீட்டினாலும் கண் இமைக்க மாட்டாள் என்பதற்காகவே அவளை இங்கே டார்கெட் மாற்றும் வேலைக்கு வைத்திருந்தார்கள்.

இவர்களைத் தவிர ஒரு ஏர் ரைஃபிள், அதன் மேல் மாட்டிக் குறி பார்க்கும் ஸ்கோப் இரண்டு.

"இடது பக்கம், கீழ," என்றார் ரத்தினவேல், ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "நடுவுல வெச்சு அழுத்துனேன். போய் மூலையில உக்காந்திருக்கு."

"மொதல் குண்டுதானே மாமா," என்றான் மதன்.

"சார்."

"மொதல் குண்டுதானே சார். மாட்டினதும் அப்படித்தான் இருக்கும். நாலு க்ளிக் திருகினா சரியாயிடும்."

"எனக்கே க்ளிக் சொல்லித் தரியா? ஆகட்டும்."

விஷயம் இதுதான். அடுத்த மாதப் போட்டிக்காக கிளப் புதிதாக ஸ்கோப் வாங்கப்போகிறது. பெங்களூர் வியாபாரி ஒருவர் வெளிநாட்டு ஸ்கோப் ஒன்றைப் பார்க்கக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மதன் தன் கடையிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். எது நல்லது என்று ரத்தினவேல் சோதித்துச் சொல்ல வேண்டும். அதே வாரத்தில்தான் மதன் பெண் கேட்டும் வந்திருந்தான். இரண்டு இன்ஸ்பெக்‌ஷனைத் தனித்தனியாக நடத்துவானேன் என்று ரத்தினவேல் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்.

"மனுஷனும் ஸ்கோப்பும் ஒண்ணு," என்று வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் தீர்ப்பு சொல்லியிருந்தார். "மொதல் குண்டை யார் வேணா நடுவுல போடலாம். நூறாவது குண்டும் அங்கயே விழணும். அவன் ஸ்கோப் ஜீரோவுல நின்னா, அவன் வாக்குலயும் நிப்பான். பொண்ணு தர்றேன். நழுவுச்சா, ரெண்டும் ரிஜெக்ட்."

"உங்களக் கட்டிக்கறதுக்கு முன்னாடி எங்கப்பா இப்படி ஏதாவது வெச்சுப் பாத்திருக்கலாம்," என்றாள் அவர் மனைவி சொர்ணலதா.

சொர்ணலதாவின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. மதனின் ஸ்கோப் இரண்டு நாளாக அவளுடைய பிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் கிடந்தது. பனி படிகிறதா என்று பார்ப்பதற்காம். அதற்குப் பிறகு குளிக்க வைத்த வெந்நீரில் முங்கியது. உள்ளேயிருந்து காற்றுக் குமிழி வருகிறதா என்று ரத்தினவேல் வாளிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். குமிழி வரவில்லை. ரப்பர் சுத்தியலால் தட்டினார். அசையவில்லை. மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்த் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, தூரத்துக் கொடிக்கம்பத்தின் மேல் ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோடு நகர்கிறதா என்று பார்த்தார். நகரவில்லை. எதிர்வீட்டு அம்மாள்தான் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். வெளிநாட்டு ஸ்கோப்புக்கும் இதே மரியாதை நடந்தது. இரண்டும் தப்பித்தன. மிச்சமிருந்தது சுட்டுப் பார்ப்பது ஒன்றுதான்.

ஸ்கோப்பின் தலையில் ஒரு திருகு, விலாவில் ஒரு திருகு. தலைத்திருகு குண்டை ஏற்றும், இறக்கும். விலாத்திருகு இடமும் வலமும் தள்ளும். ஒவ்வொரு திருகலுக்கும் 'க்ளிக்' என்று ஒரு சத்தம். குறுக்குக்கோடு எங்கே நிற்கிறதோ அங்கேயே குண்டு விழும்வரை திருகிக்கொண்டு வர வேண்டும். விழுந்துவிட்டால் அதற்குப் பெயர் ஜீரோ. அந்த ஜீரோவில் ஸ்கோப் நிற்கிறதா, நாலு குண்டுக்கு அப்புறம் நழுவுகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கண்ணாடி பளபளப்பது, பெட்டியின் மேல் தாடிக்காரன் ஒருவன் காட்டில் நிற்பது இதெல்லாம் விற்கிறவனுக்கு உதவும். சுடுகிறவனுக்கு உதவாது.

முதலில் மாட்டியிருந்தது மதனின் ஸ்கோப். ரத்தினவேல் எண்ணி எண்ணித் திருகினார். எதிரே இருபத்தைந்து மீட்டரில் ஒரு குழி. குழிக்கு முன்னால் தடித்த செங்கல் சுவர். அதன் பின்னால் மாரக்காள். சுவருக்கு மேலே மரச் சட்டத்தில் டார்கெட் பேப்பர் நிற்கும். சுட்டதும் ரத்தினவேல் மணியை அழுத்துவார். மாரக்காள் கயிற்றை இழுத்துச் சட்டத்தைக் குழிக்குள் இறக்குவாள். ஓட்டைக்குப் பக்கத்தில் பென்சிலால் நம்பர் எழுதி, "வருதுங்கோ!" என்று குரல் கொடுத்துத் திரும்ப ஏற்றிவிடுவாள். பின்னால் மண்மேடு. மண்மேட்டுக்கு மேலே, தப்பிப் போகிற குண்டைத் தடுக்க ஒரு தகரம்.

இரண்டாவது குண்டு. புஸ்ஸென்று காற்று. அடுத்த நொடி தூரத்தில் 'டங்'.

"சத்தத்தக் கேட்டீங்களா?" என்றார் ரத்தினவேல். "எவ்வளவு சுத்தமா விழுது!"

மணி அடித்தது. சட்டம் இறங்கியது. "வருதுங்கோ!" சட்டம் ஏறியது.

இப்போது ஓட்டை வலது பக்கம், மேலே.

"நீ சொன்ன நாலு க்ளிக்குக்கு ஆத்தத் தாண்டிப் போயிட்டுது," என்றார் ரத்தினவேல் மதனைப் பார்த்து.

பாதி திருப்பினார். மூன்றாவது குண்டு. புஸ். டங். மணி.

நட்டநடுவில்.

தீபா கை தட்டினாள். மதன் மூச்சு விட்டான். ரவிக்குமார் எழுந்து நின்று வேட்டியைத் தட்டிக்கொண்டு, "ஆயித்து பாருங்க. ஜீரோ. ஆர்டர் போட்டுட்டு டிபனுக்குப் போலாம். மசால் தோசை தீந்துடும் சாரே," என்றார்.

"உக்காருங்க," என்றார் ரத்தினவேல். "நின்னு காட்டட்டும்."

ஒரு க்ளிக்கும் தொடாமல் நாலாவது குண்டைச் சுட்டார். சட்டம் ஏறி வந்தது. ஓட்டை வலது ஓரம், பேப்பரிலிருந்து விழுந்துவிடுகிற மாதிரி நின்றது.

ரவிக்குமார் உட்கார்ந்தார்.

"நழுவிடுச்சு," என்றார் ரத்தினவேல். அவர் குரலில் துக்கம் இல்லை. முப்பது வருஷம் ஃபாக்டரியில் குறை தேடியவருக்குக் குறை கிடைக்கும்போது வருகிற நிம்மதிதான் இருந்தது. "நம்ப வெச்சு நழுவிடுச்சு. இத நான் எதிர்பாத்தேன்."

"ஒரு நிமிஷம் சார்," என்றான் மதன். அவன் ரைஃபிளின் மேல் குனிந்து, ஸ்கோப்பைப் பிடித்திருந்த பின் வளையத்தைப் பார்த்தான். அதற்கடியில் மடித்துச் செருகிய அட்டை ஒன்று எட்டிப் பார்த்தது. "இது என்ன சார்?"

"உன் கடை விசிட்டிங் கார்டு. நேத்து குடுத்தியே. ஏதாவது உபயோகம் இருக்கட்டும்னு வெச்சேன்."

"ஏன் சார் வெச்சீங்க?"

"வளையம் செய்யறவன் எவனும் பின்னாடி கொஞ்சம் தணிச்சுத்தான் விடுவான். எனக்குத் தெரியாத கம்பெனிக்காரனா?"

"பின்னாடி தூக்கினா குண்டு மேல போகும் சார். ரொம்ப மேல. அத எடுத்துட்டுச் சுட்டுப் பாக்கலாமே."

"பேப்பர்ல ஓட்டை விழுது, கண்ணால பாக்கற. மேல போகுதுங்கற. உன் ஸ்கோப்புல குறை, என் அட்டை மேல பழியா?"

மதன் தீபாவைப் பார்த்தான். தீபா வேண்டாம் என்று தலையை அசைத்தாள். ஆனால் அதற்குள் அவன் வாய் திறந்துவிட்டது. "அட்டைதான் சார் ப்ராப்ளம்."

ரத்தினவேல் சட்டைப் பையிலிருந்து இன்னொரு விசிட்டிங் கார்டை எடுத்தார். மடித்தார். பழைய அட்டையின் மேலேயே செருகித் திருகாணியை இறுக்கினார்.

"இப்ப பேசு," என்றார்.

வெளிநாட்டு ஸ்கோப்புக்கும் அதே வளையம், அதே அட்டைகள். அதுவும் முதலில் மூலைக்குப் போனது. அப்புறம் எதிர் மூலைக்குப் போனது. அப்புறம் நடுவில் விழுந்து எல்லாரையும் எழுந்து நிற்க வைத்தது. நாலாவது குண்டில் கைவிட்டது. இரண்டு ஸ்கோப்பும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி நடந்துகொண்டன.

"பாத்தீங்களா சார், அதுவும் அப்படித்தான்," என்றான் மதன். "அப்ப ஸ்கோப்புல இல்ல குறை."

"ரெண்டு பேர் திருடினா திருட்டு இல்லன்னு ஆயிடுமா?"

மதனின் ஸ்கோப்பைத் திரும்ப மாட்டித் திருகாணிகளை இன்னும் இறுக்கச் சொன்னார் ரவிக்குமார். இறுக்கினார்கள். ஒன்றின் தலை மழுங்கி, இனிமேல் கழற்றுவது பெரும்பாடு என்று ஆயிற்று. குண்டு முன்னைவிடத் தள்ளி விழுந்தது. குண்டு டப்பாவை மாற்றினார்கள். இன்னும் தள்ளி விழுந்தது. காற்று அடிக்கிறது என்றார் ரவிக்குமார். மாமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. ஆனாலும் காற்றுக்காகக் கொஞ்சம் திருகினார்கள். குண்டு காற்றே இல்லாத பக்கமாகப் போய் விழுந்தது.

"மனுஷக் கை பட்டாலே தப்பு வரும்," என்றார் ரத்தினவேல். கோணிப்பையிலிருந்து தன் வீட்டுப் பட்டறை வைஸை எடுத்து மேஜையில் முடுக்கினார். ரைஃபிளுக்குக் கீறல் விழாமல் இருக்கத் தீபாவின் துப்பட்டாவை வாங்கிச் சுற்றினார். வைஸின் இரண்டு தாடைக்கு நடுவில் ரைஃபிளை வைத்து, அது கிறீச்சென்று சத்தம் போடும்வரை இறுக்கினார். இப்போது அதை யானை வந்து தள்ளினாலும் அசையாது.

"அப்பா, அது என் புது துப்பட்டா."

"உனக்காகத்தான் இவ்வளவும்."

மூன்று குண்டு சுட்டார். மூன்றும் மூன்று திசையில் விழுந்தன.

ரத்தினவேல் நாற்காலியில் சாய்ந்தார். "ரைஃபிள் அசையல. ஸ்கோப் அசையல. குண்டு மட்டும் ஊர் சுத்துது."

"சார், வைஸ்ல கட்டினதுக்கு அப்புறம் ஸ்கோப்புக்கும் குண்டுக்கும் சம்பந்தமே இல்ல சார்," என்றான் மதன். "ஸ்கோப்ப கழட்டிக் கீழ போட்டாலும் குண்டு ஒரே எடத்துலதான் விழணும். அது விழலன்னா வேற ஏதோ..."

"வாய் நல்லா பேசற தம்பி."

"உண்மையச் சொல்றேன் சார்."

"வியாபாரிக்கு வாய் வேணும். மாப்பிள்ளைக்கு எதுக்கு?"

மாரக்காளைக் கூப்பிட்டு, சுட்ட பேப்பரையெல்லாம் கொண்டுவரச் சொன்னார். அவள் வந்து மேஜைமேல் பரப்பிவிட்டுத் தள்ளி நின்றாள். ரத்தினவேல் வெர்னியர் அளவுகோலை எடுத்து ஒவ்வொரு ஓட்டையாக அளந்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஓட்டையைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் இருந்தது.

"ஈயம் உரசின கறை," என்றார். "குண்டு நல்ல குண்டு. பேப்பர்தான் மட்டம். பின்பக்கம் பிசிறடிக்க வேண்டியது முன்பக்கம் பிசிறடிக்குது. இந்தப் பேப்பர் குடுத்தவனையும் கவனிக்கணும்."

"ரொம்ப நல்லாப் பாக்கறீங்க சார்," என்றாள் மாரக்காள் மனப்பூர்வமாக. "எங்க எக்ஸிபிஷன் ஓனரு ஒரு நாளும் இப்படிப் பாத்ததில்லீங்க."

"அதனாலதான் அவன் பலூன் கடை வெச்சிருந்தான்."

"ஆமாங்க சார்." அவள் புதுப் பேப்பரை எடுத்துக்கொண்டு குழிக்குத் திரும்பிவிட்டாள்.

ரத்தினவேல் வெர்னியரை உறையில் போட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஃபாக்டரியில் இதைப் பார்த்தாலே சாமான் அனுப்பியவர்கள் லாரியை ஸ்டார்ட் பண்ணிவிடுவார்கள்.

"செயலாளர் சார், ரெண்டு ஸ்கோப்பும் ரிஜெக்ட். தம்பி, நீ கௌம்பலாம். ஸ்கோப்ப எடுத்துக்க. கார்டையும் எடுத்துக்க."

"சார்..."

"சொன்னது சொன்னதுதான். ஜீரோவுல நிக்காதது என் வீட்டுக்குள்ள வராது."

ரவிக்குமாருக்குத் தோசை போன துக்கத்தோடு போட்டி போன துக்கமும் சேர்ந்துகொண்டது. "அய்யோ சாரே, அடுத்த மாசம் போட்டிக்கு வெறுங்கையோட எப்படிப் போறது? ஸ்வல்ப பாத்துப் பண்ணுங்க."

தீபா எழுந்தாள். அவள் சாதாரணமாக அப்பாவிடம் குரல் உயர்த்த மாட்டாள். இப்போதும் உயர்த்தவில்லை. பிளானில் தப்பு கண்டுபிடித்தால் மேஸ்திரியிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

"பாக்ஸ் டெஸ்ட் பண்ணீங்களா அப்பா?"

ரத்தினவேல் துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார்.

"சாப்பிடும்போதெல்லாம் அதத்தானே சொல்லுவீங்க. நடுவுல ஒண்ணு சுடணும். இருபது க்ளிக் வலது, ஒண்ணு. இருபது மேல, ஒண்ணு. இருபது இடது, ஒண்ணு. இருபது கீழ, ஒண்ணு. சதுரமா சுத்தி வந்து கடைசி குண்டு மொதல் ஓட்டையிலயே விழணும். அது பண்ணாம ஒரு ஸ்கோப்ப ரிஜெக்ட் பண்றவன் இன்ஸ்பெக்டரே இல்லன்னு சொன்னது யாரு?"

"இவ்வளவு நழுவறதுக்கு அது எதுக்கு?"

"ரூல் ரூல்தானே."

ரத்தினவேலுக்கு எதிராக எதை வேண்டுமானாலும் சொல்லலாம்; ரூலை மட்டும் சொல்லக்கூடாது. அவர் வைஸைத் தளர்த்தி, துப்பட்டாவை உருவி, ரைஃபிளை மணல் மூட்டைமேல் வைத்தார். துப்பட்டாவில் வைஸின் பல் பதிந்து கிரீஸ் அப்பியிருந்தது. தீபா அதை வாங்கிப் பார்த்தாள். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

"நீங்களே சுடுங்க. எனக்கு இங்க நின்னு பாக்க முடியாது. மாரக்காவுக்கு டீ குடுத்துட்டு அங்கயே உக்காந்துக்கறேன்." பிளாஸ்க்கையும் தன் ஹேண்ட்பேக்கையும் எடுத்துக்கொண்டு குழிப் பக்கம் நடந்தாள். அவள் சுவருக்குப் பின்னால் மறையும்வரை ரத்தினவேல் ரைஃபிளைத் தொடவில்லை. அந்த மட்டும் அவர் ரூல் பிசகாதவர்.

"வா தம்பி, பக்கத்துல நின்னு பாரு," என்றார் மதனிடம். "அப்புறம் நான் ஏமாத்திட்டேன்னு சொல்லக்கூடாது."

முதல் குண்டு. புஸ். டங். மணி.

சட்டம் இறங்கியது. ஏறவில்லை. குழிக்குள் ஏதோ பேச்சு நடந்தது. "என்னாச்சு?" என்று கத்தினார் ரத்தினவேல்.

"டீ குடிக்கறாங்கப்பா!" என்று தீபாவின் குரல் வந்தது. அழுகை நின்றுவிட்ட குரல். கொஞ்ச நேரம் கழித்துச் சட்டம் ஏறியது. நடுவில் ஒரு ஓட்டை.

"இதுக்கெல்லாம் ஏமாற மாட்டேன்," என்றார் ரத்தினவேல்.

இருபது க்ளிக் வலது. ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணினார். மதனும் கூடவே எண்ணினான். ரவிக்குமார் பசி மறந்து எண்ணினார். புஸ். டங். மணி. மறுபடியும் சட்டம் ஏறத் தாமதம் ஆயிற்று.

"மாரக்கா, தூங்கிட்டியா?"

"நிதானமாப் பண்றமுங்க சார்! வருதுங்கோ!"

நேர் வலதில் ஓர் ஓட்டை. கயிறு கட்டி அடித்த மாதிரி ஒரே மட்டத்தில்.

ரத்தினவேல் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தார். திரும்ப வைத்தார். இருபது மேல். நேர் மேலே ஓர் ஓட்டை. இருபது இடது. நேர் இடதில் ஓர் ஓட்டை. அவருக்கு நெற்றியில் வேர்த்தது. இருபது கீழே. இதுதான் கடைசி. முதல் ஓட்டையிலேயே விழ வேண்டிய குண்டு.

"மூச்ச விடாதீங்க," என்றார். யார் மூச்சைச் சொன்னார் என்று தெரியவில்லை. மூன்று பேருமே விடவில்லை.

புஸ். டங். மணி.

சட்டம் இறங்கி ஏறியது. புதிதாக ஓட்டை எதுவும் இல்லை. முதல் ஓட்டைதான் ஒரு நூல் பெரிதாகியிருந்தது. பக்கத்தில் '1' என்று எழுதியிருந்த இடத்தில் இப்போது '1, 5' என்று இருந்தது.

ரத்தினவேல் பேப்பரை வாங்க அவரே ஓடினார். அறுபது வயதுக்கு மேல் அவர் ஓடியதை யாரும் பார்த்ததில்லை. மேஜையில் விரித்து வெர்னியரை வைத்தார். ஒரு பக்கம் அளந்தார். அடுத்த பக்கம் அளந்தார். நாலு பக்கமும் அளந்தார். மூலைக்கு மூலை அளந்தார்.

"என்ன சார்?" என்றான் மதன்.

"ஒரு புள்ளி வித்தியாசம் இல்ல." ரத்தினவேல் வெர்னியரைக் கீழே வைத்தார். "என் சர்வீஸ்ல இப்படி ஒரு அளவ நான் பாத்ததில்ல. இது மனுஷன் செஞ்ச வேலை மாதிரியே இல்ல."

"அப்ப முன்னாடி நழுவினது?" என்றார் ரவிக்குமார்.

"புது ஸ்கோப்பு. உள்ள ஸ்பிரிங் இறங்கி உக்கார டைம் எடுக்கும். புது ஆளும் அப்படித்தான். மொதல்ல தடுமாறுவான், உக்காந்துட்டான்னா உக்காந்ததுதான்." மதனின் தோளில் கை வைத்தார். "இன்னிக்கி வெய்யில்ல நின்னு எங்கிட்ட இவ்வளவு பேச்சு வாங்கியும் நீ கோவிச்சுக்கல. எடத்த உட்டு நகரல. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"தேங்க்ஸ் சார்."

"என்ன சாரு? மாமான்னு கூப்பிடு."

தீபா துப்பட்டாவை மடித்துப் பையில் வைத்தபடி குழியிலிருந்து நடந்து வந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டாள்.

"நீயே வந்து பாரு அம்மிணி! பாரு இத!"

அவள் குனிந்து பார்த்தாள். "நேராத்தான் இருக்கு," என்றாள்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. ரவிக்குமார் மதனிடம் ஸ்கோப்புக்கு ஆர்டர் சொல்லிவிட்டு டிபனுக்கு ஓடினார். ரத்தினவேல் சொர்ணலதாவுக்குப் போன் செய்தார். "ஜீரோவுல நின்னுட்டான்," என்றார். "நிக்காம என்ன பண்ணுவான், புள்ளைங்க ரெண்டும் எப்பவோ முடிவு பண்ணியாச்சு," என்றாள் சொர்ணலதா. பேசிய கையோடு கொள்ளேகாலில் இருக்கும் தன் அண்ணனுக்கும், மதனின் அம்மாவுக்கும், எதிர்வீட்டு அம்மாளுக்கும் சொல்லிவிட்டாள். இனி யாராலும் திருப்பி வாங்க முடியாத அளவுக்கு விஷயம் ஊரில் இறங்கிவிட்டது. மதனும் தீபாவும் பூவும் ஸ்வீட்டும் வாங்க மார்க்கெட்டுக்கு ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். போகும்போது தீபா திரும்பி மாரக்காளுக்குக் கை காட்டினாள். நல்ல பழக்கம் என்று ரத்தினவேல் நினைத்துக்கொண்டார்.

மத்தியானம் ஆகியிருந்தது. ரைஃபிளை அலமாரியில் வைத்தார். அந்த ஒரு பேப்பரை மட்டும் சுருட்டாமல், மடிக்காமல், இரண்டு கையிலும் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு ஸ்டோர் ரூமுக்கு நடுவில் நின்றார். லேமினேஷன் போட்டு ஹாலில் மாட்டுவதா, ஃபிரேம் போட்டு பூஜை ரூமுக்குப் பக்கத்தில் மாட்டுவதா என்பதுதான் இப்போது அவருடைய ஒரே கேள்வி.

மாரக்காள் பெரிய பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "வெளிய வாங்க சார். பூட்டிட்டு நானும் பஸ் புடிக்கோணும்."

"வர்றேன், வர்றேன்." அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே வாசலை நோக்கி நடந்தார். "இன்னிக்கி நீயும் நல்லா உழைச்ச மாரக்கா."

"நாளைக்கும் டெஸ்ட் இருக்குங்களா சார்?"

"ஏன், தேவை இல்லையே. முடிஞ்சுது."

"இல்ல, இருந்தாப் புதுசா ஒரு பென்சில் வேணுங்க. இது மழுங்கியே போச்சு." அவள் முந்தானையிலிருந்து எடுத்துக் காட்டினாள். விரல் நுனி அளவுக்குத்தான் மிச்சம் இருந்தது.

"நம்பர் எழுதறதுக்கா இவ்வளவு தீந்துது?" ரத்தினவேல் சிரித்தபடி படியில் இறங்கினார்.

"நம்பருக்கு எவ்வளவுங்க ஆகும்? நீங்க காத்தால இருந்து சுட்டது ஒண்ணு கூட பேப்பர்ல படாம பூரா மேல தகரத்துலயே பட்டுது, பாவமாப் போச்சுங்க, எக்ஸிபிஷன்ல சுடத் தெரியாதவங்களுக்குப் பலூன ஊசியில குத்தி உடற மாதிரி நானே ஒவ்வொண்ணாப் பென்சில்ல குத்தி உட்டனுங்க சார். கடைசியா அந்தச் சதுரம் மட்டும் எனக்கு வராதுன்னு அம்மிணியே ஸ்கேல் வெச்சுக் குத்துனாங்க."

ரத்தினவேலுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. பூட்டு 'க்ளிக்' என்று விழுந்தது.